செம்மண்ணில் நட்ட வண்டல் கவர்

நான் நட்ட செடி சாகாது என்று இருபத்தைந்து வருஷம் மார்தட்டிக்கொண்டு திரிந்தவள் நான். ஆழ்வார்குறிச்சியில் நர்சரி நடத்துகிறேன். அந்தத் திமிரெல்லாம் இறங்கியது திசையன்விளையில், ஒரு டீச்சர் வீட்டு வாசலில்.

1. குடம்

கிரேஸ் டீச்சருக்கு இதய ஆபரேஷன் முடிந்திருந்தது. கனம் தூக்கவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வீட்டிலோ இருபது ரோஜாச் செடி. போர் வற்றிவிட்டதால் தெருக்குழாயில் பிடித்துத்தான் ஊற்ற வேண்டும். டீச்சரின் கணவர் பஜாரில் நோட்டுக்கடை வைத்திருந்தார். அவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

"நான் கடைக்குப் போனதும் கொடத்தத் தூக்கிருதாம்மா. சொன்னாக் கேக்க மாட்டேங்கா. தண்ணி கேக்காத செடியாப் பாத்து நட்டுக் குடு. எனக்கு அவ உசுரோட வேணும்."

ரோஜாவை எடுத்துவிட்டு அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, ஆவாரை என்று நட்டேன். எல்லாம் வருஷக்கணக்கில் நிற்கிற செடிகள். "வேர் பிடிக்கிற வரைக்கும் சாயந்தரம் நீங்க ஊத்துங்க அண்ணாச்சி. பொறவு மழையே போதும்" என்றேன், ஏதோ மழைக்கு நான்தான் சொந்தக்காரி மாதிரி.

2. செங்கல்

மாசியில் எட்டிப் பார்த்தேன். டீச்சர் தோட்டத்து நடுவில் இடுப்பில் குடத்தோடு நிற்கிறார், மூச்சு வாங்குகிறது. அரளி இலையெல்லாம் சுருண்டு கிடக்கிறது.

"அண்ணாச்சி தண்ணி ஊத்தலியா டீச்சர்?"

"தெனமும் ஊத்துதாங்க. ஊத்தியும் வாடுது. அதப் பாத்துக்கிட்டு என்னச் சும்மா இருக்கச் சொல்லுதியா?"

குடத்தைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு அரளியைத் தோண்டினேன். சுற்றிலும் மணல் மாதிரியான செம்மண் ஈரமாகத்தான் இருந்தது. நடுவில் என் நர்சரி பிளாஸ்டிக் கவரில் செடியோடு வந்த மண் மட்டும் காய்ந்து செங்கலாகக் கிடந்தது. ஆற்றங்கரை வண்டல், எங்கள் நர்சரியின் பெருமையே அதுதான். அது ஒருதடவை இறுகிவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் உள்ளே போகாமல் சுற்றியுள்ள மணலில் வழிந்துவிடும். வேர் வெளியே வராமல் கட்டிக்குள்ளேயே சுருண்டிருந்தது. வறட்சி தாங்கும் செடியைத் தாகத்தில் சாகவிட்டது நான்தான். வெட்கமாக இருந்தது.

"எல்லாத்தையும் பிடுங்கப் போறேன் டீச்சர்."

"அடிப்பாவி! மொட்டத் தரையப் பாத்துக்கிட்டு நான் எப்படி இருப்பேன்?"

"ஐப்பசி வரைக்கும் பொறுங்க. தரை மொட்டையா இருந்தாத்தான் நீங்க கொடத்தத் தொட மாட்டீங்க."

டீச்சர் அழுதுவிட்டார். நான் நிறுத்தவில்லை. கடைசிச் செடி வரைக்கும் பிடுங்கினேன்.

3. அந்த வீட்டு மண்

அந்தத் தோட்டத்து மண்ணையே எட்டு மூட்டை லோடு ஆட்டோவில் ஏற்றி நர்சரிக்குக் கொண்டுவந்தேன். "ஆத்து மண்ண வச்சுக்கிட்டு தேரிச் செம்மணல அள்ளிட்டு வாறியே, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். புதிதாகச் செடிக் கம்பு வெட்டி ஊன்றி, விதை போட்டு, எல்லாவற்றையும் அந்தச் செம்மண்ணிலேயே வளர்த்தேன். தண்ணீரைப் பையப் பையக் குறைத்துப் பழக்கினேன். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் கொண்டுபோய் நட்டு, அடியில் சருகால் மூடாக்குப் போட்டேன்.

அடுத்த சித்திரை வெயிலில் சொல்லாமல் போய் நின்றேன். காகிதப்பூ மதில் மேல் ஏறியிருந்தது. அரளி கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது.

"ஒரு செடிகூட என்னத் தேட மாட்டேங்குதும்மா."

"செடி தேடாது டீச்சர். அண்ணாச்சி தேடுவாங்க. நீங்க இப்படியே உக்காந்திருங்க."

அவர் சிரித்தார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். என்ன பூ வேண்டும் என்று நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பதில்லை. யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கேட்கிறேன். அதற்குப் பிறகு மண்வெட்டியை வாங்கி, அந்த வீட்டு மண்ணை ஒரு முழம் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் செடியின் பெயரையே சொல்கிறேன்.