தோஸ்காவின் கடையில் ஒரு குப்பி மட்டி

இத்தாலியின் காயலோர ஊரான கோரோவில் பிறந்தவர்கள் குப்பியில் அடைத்த மட்டிச் சிப்பியை வாங்குவதில்லை. அதற்குத் தடை ஏதும் இல்லை. ஊர்க் காயலிலேயே மட்டி விளைவதால் தேவை ஏற்பட்டதில்லை, அவ்வளவே. ஆகவே அந்த வியாழக்கிழமை மாலை, பேருந்தை விட்டு இறங்கிய நீவெஸ் மளிகைக் கடைக்குள் நுழைந்து, பின்பக்க அலமாரியின் முன் நின்றபோது, யாரேனும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

கடைக்காரி தோஸ்கா பார்த்துவிட்டாள். பள்ளியில் நீவெஸுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் அவள்.

"ஏண்டி, வழி தவறிட்டியா? அது மிலானோலேர்ந்து வர்ற கோடைக்காரங்களுக்கு வாங்கி வெச்சது."

"எனக்குத்தான் வேணும். கிண்டல விட்டுட்டு எது நல்லதுன்னு சொல்லு."

"எனக்கெப்படித் தெரியும்? குப்பி மட்டி தின்னுட்டுச் செத்தேன்னா, கல்லறையில எங்கம்மா என்னைப் பக்கத்துல படுக்க விடமாட்டா."

நீவெஸ் சிரிக்கவில்லை. தோஸ்காவும் கிண்டலை நிறுத்திக்கொண்டாள். லோரிஸின் நிலை ஊருக்கே தெரிந்ததுதான்.

நீவெஸின் கணவன் லோரிஸ் காயலில் மட்டி வளர்த்தவன். இடுப்பளவு நீரில் நின்று, நீண்ட பிடியுள்ள வாரியால் சேற்றைக் கிளறியே தோள் அகன்றவன். பிறகு நீல நண்டுகள் வந்தன. விதைத்த மட்டிக் குஞ்சுகளை ஓட்டோடு நொறுக்கித் தின்று தீர்த்தன. மற்றவர்கள் நண்டு பிடிக்கக் கிளம்பினார்கள். லோரிஸ் ரப்பர் காலணிகளைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்தவன்தான். நீவெஸ் அடுத்த ஊர் முதியோர் இல்லத்தில் சலவை வேலைக்குச் சேர்ந்தாள். அவள் எதைச் சமைத்து வைத்தாலும் அவன் பாதியில் தட்டை நகர்த்திவிடுவான். ஆள் இளைத்துக்கொண்டே போனான்.

முன்பெல்லாம் வியாழன்தோறும் அவர்கள் வீட்டில் மட்டி ஸ்பகெத்தி. அந்த மணம் அவனை மேசைக்கு இழுக்கும் என்று ஒரு நம்பிக்கை. காயத்தைக் கீறிவிடுமோ என்றும் ஓர் அச்சம். இன்றும் தட்டு நகர்ந்தால், அடுத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

தகர டப்பாக்களை முதலிலேயே ஒதுக்கினாள். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத பொருளை அவள் எப்படி வாங்குவாள்? கண்ணாடிக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வாசல் வெளிச்சத்தில் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றில் மணல் சுழன்று இறங்கிற்று. இன்னொன்றில் சதை சாம்பல் பூத்து, பிய்ந்து கிடந்தது. மூன்றாவது பார்வைக்கு நன்று. ஆனால் வினிகர் சேர்த்திருந்தார்கள். வினிகர் ஊற்றிய மட்டிக்கு வினிகர் ருசிதான் இருக்கும்.

"நீர் வடிச்ச எடையப் பாரு" என்றாள் தோஸ்கா, தன்னையறியாமல் பக்கத்தில் வந்து நின்று. "பாதி தண்ணிய வித்துடுவானுங்க."

நான்காவது குப்பியில் சதை முழுசாக, தந்தநிறத்தில், உப்பலாக இருந்தது. நீர் இலேசாகப் பால் கலந்தாற்போல் இருந்தாலும் அடியில் வண்டல் இல்லை. மட்டி, தண்ணீர், உப்பு, வேறெதுவும் சேர்க்கவில்லை. எந்தக் காயலில் வாரியது என்றும் அச்சிட்டிருந்தது. நீவெஸ் அதைக் கைப்பையில் அடியில் வைத்து, மேலே ரொட்டியை வைத்து மூடிக்கொண்டாள்.

வீட்டில் குப்பியை மேசைமேல் வைத்து, அடுப்பில் தண்ணீரை ஏற்றிவிட்டு, பார்ஸ்லி தழை பறிக்கக் கொல்லைக்குப் போனாள். எதற்கென்று லோரிஸிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

திரும்பி வந்தபோது ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. லோரிஸ் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றான். எதிரே அவர்களுடைய பழைய எனாமல் தட்டு. அதில் உப்புநீர். உப்புநீரில், ஓடற்ற மட்டிகள்.

"என்ன பண்றே?"

"மணல் துப்பட்டும்னு ஊறவெச்சிருக்கேன்."

"லோரிஸ்... அது வெந்து செத்துக் குப்பியில அடைபட்டு ஒரு வருஷம் ஆயிருக்கும். எதைத் துப்பும்?"

அவன் தட்டைப் பார்த்தான். தன் கைகளைப் பார்த்தான். காது மடல்கள் சிவந்தன. "கை அதுபாட்டுக்குச் செஞ்சிடுச்சு" என்றான்.

நீவெஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவன் முறைத்தான், பிறகு அவன் உதட்டோரமும் நெளிந்தது.

"சாறு எங்கே? கொட்டிட்டியா?"

"கொட்டுவேனா? நான் என்ன மிலானோக்காரனா?" துணியில் வடிகட்டிய சாறு ஒரு கிண்ணத்தில் பத்திரமாக இருந்தது.

மட்டி உப்பேறிவிட்டதால் நீவெஸ் ஸ்பகெத்தி வேகும் கொதிநீரில் உப்பே போடவில்லை. எண்ணெயில் பூண்டை வாட்டி, சாற்றை ஊற்றிச் சுண்டவிட்டாள். லோரிஸ் மட்டியை அள்ளிப் போட வந்தான்; அவன் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இப்பப் போட்டா ரப்பராயிடும். அடுப்ப அணைச்சப்புறம்."

"இத்தனை நாள் நான் பிடிச்சேன். இப்ப நீ பாடம் நடத்துறே."

"ஆமா. தள்ளு."

மேசையில் அவன் முதல் கவளத்தை நெடுநேரம் மென்றான். நீவெஸ் தன் தட்டைத் தொடாமல் இருந்தாள்.

"நம்மது இல்ல" என்றான்.

"இல்ல."

காலிக் குப்பியை இழுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதிலிருந்த காயலின் பெயரைப் படித்தான். "அங்க நண்டு போகலையா?"

"தெரியாது லோரிஸ்."

"போகாம இருக்கணும்" என்றான். "யாரோ நல்லா வளர்த்திருக்கான்." ரொட்டியைப் பிய்த்து, தட்டில் எஞ்சிய சாற்றைத் துடைத்துத் தின்றான். தட்டு நகரவில்லை. துடைப்பதற்கு அதில் மேலும் ஒன்றும் இல்லாதபோது, நீவெஸின் தட்டை நோக்கி ரொட்டியை நீட்டினான். அவள் தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

அடுத்த வியாழன் அவள் பேருந்தை விட்டு இறங்கியபோது, தோஸ்காவின் கடை வாசலில் பேச்சு பலமாகக் கேட்டது.

"எல்லாத்தையும் கவுத்துக் குலுக்கினா என் கடை என்னாவுறது?" என்று தோஸ்கா கத்திக்கொண்டிருந்தாள்.

லோரிஸ் ஒரு குப்பியை வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்திருந்தான். காலில் ரப்பர் காலணி. "சும்மா இரு தோஸ்கா" என்றான். "மணல் பார்க்கிறேன்."