எனக்கு எழுதப்பட்ட எச்சரிக்கை

சிட்னியில், செவன் ஹில்ஸில் என் வீட்டுக்குக் கிட்டே, சில காலைகளில் பொலிஸார் கார்களை மறிப்பார்கள். குடித்துவிட்டு ஓட்டுகிறோமா என்று பார்ப்பதற்கு. இளம் பொலிஸ்காரர் ஒருவர் சிறு கருவியை என் வாய்க்கு நேரே பிடித்து ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொல்வார். எண்ணுவேன். “நன்றி, போகலாம்” என்பார். அவ்வளவுதான். இத்தனை வருடம் இங்கே வாழ்ந்தும் அந்தச் சொல்லை நம்பி உடனே காரை எடுக்க என்னால் முடிவதில்லை. இன்னும் ஏதோ கேட்கப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள்.

எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் சிட்னிக்கு வந்தவன் நான். பொறியியலாளன். திரும்ப ஊர்ப்பக்கம் போக நினைத்தது இரண்டாயிரத்து ஏழில், மனைவி இறந்த பிறகு. எனக்கென்று மிஞ்சியிருந்தவன் யாழ்ப்பாணத்தில் இருந்த தம்பி யோகன் மட்டுமே. அப்போது சமாதானம் குலைந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. அவுஸ்திரேலிய அரசாங்கம் தன் பிரஜைகளுக்கு வெளியிடும் பயண எச்சரிக்கையை இணையத்தில் வரிவரியாகப் படித்தேன். வடக்கே போகவேண்டாம் என்றது. கடவுச்சீட்டு எப்போதும் கையில் இருக்கட்டும், படையினரோடு தர்க்கம் வேண்டாம் என்றது. எனக்காக யாரோ இவ்வளவு கவலைப்படுகிறார்களே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. யோகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“வடக்குக்கு வரக்கூடாதெண்டு போட்டிருக்கு. நீ கொழும்புக்கு வாவன்.”

“எனக்கு ஒண்டும் போடேல்லையோ, அண்ணை?” என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். தரைப்பாதை பூட்டியிருந்தது. அவன் இராணுவத்திடம் அனுமதிக்கு அலைந்து, கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, கொழும்பில் வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த லொட்ஜுக்கு வந்து சேர்ந்தான். ஆபத்தான பாதை முழுவதையும் அவனைக் கடக்கவிட்டு, நான் விமானத்தில் வந்து இறங்கியிருந்தேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில் போகும்போது சோதனைச்சாவடியில் படையினர் மறித்தார்கள். அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டினார். யோகனின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசத்தைக் கண்டதும் நிமிர்ந்து, ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்: “இவர் உங்களுக்கு யார்?”

“நான் அவுஸ்திரேலியப் பிரஜை” என்றேன்.

“அது தெரிகிறது, சேர். இவர் யார்?”

“நான் அவுஸ்திரேலியப் பிரஜை.”

தம்பி என்று சொன்னால் என்னையும் இறக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை. அதிகாரி கடவுச்சீட்டை மரியாதையோடு திருப்பித் தந்தார். யோகனை இறங்கச் சொன்னார். இறங்கினான். அவனுக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். ஓட்டோ புறப்பட்டது. புறப்படச் சொன்னவன் நான்தான்.

அடுத்த நாள் மத்தியானம் அவனை விட்டார்கள். கசங்கிய சேர்ட்டோடு வந்து, குளித்து, நான் வாங்கி வைத்திருந்த இடியப்பத்தைச் சாப்பிட்டான். அடித்தார்களா என்று கேட்டேன்.

“கங்காருவை மறிச்சு வைக்க ஏலுமே அண்ணை, அது பாய்ஞ்சு போடும்” என்றான்.

என் கடவுச்சீட்டின் அட்டையில் இருந்த கங்காருவைச் சொன்னான். பகிடிதான். சிரித்தும் காட்டினான். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தபோது, இன்னும் கொஞ்சம் சம்பல் வேண்டும் என்று சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினான்.

யுத்தம் முடிந்த வருடம், சிட்னியில் லிட்கம் ரயில் நிலையத்தில் நின்றபடி அவனோடு கைத்தொலைபேசியில் பேசினேன். வயது போய்விட்டது, வீட்டில் பேச ஆளில்லை, வந்து என்னோடு இருந்துவிடு என்று கேட்டேன். இரண்டு வருடமாக இதைக் கேட்கத் துணிவில்லாமல் இருந்தேன்.

“அங்கை ஆரும் நான் ஆரெண்டு கேட்டால் என்ன சொல்லுவியள், அண்ணை?”

குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

“என்ரை தம்பி எண்டு சொல்லுவன்.”

“இப்ப சொல்லுவியள். அங்கை ஆமி இல்லைத்தானே” என்றான். பிறகு, “உடம்பைப் பாருங்கோ. நான் வரேல்லை” என்று வைத்துவிட்டான்.

பக்கத்து வாங்கில் அமர்ந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒன்றும் பிரச்சினை இல்லையே, டார்லிங்?” என்று கேட்டாள்.

“அவன் என் தம்பி” என்றேன் ஆங்கிலத்தில். அன்று சொல்லாமல் விட்ட அதே மொழியில்.

“அப்படியா, மிகவும் நல்லது” என்று புன்னகைத்தாள்.

செவன் ஹில்ஸுக்கான ரயில் வந்து கதவைத் திறந்தது. அவள் ஏறி, எனக்கும் இடம் விட்டு ஒதுங்கி நின்றாள். நான் கையில் தொலைபேசியோடு மேடையிலேயே நின்றேன். கதவு மூடிக்கொண்டது.