யாரை ஜெயித்தார்கள்?

இந்த ஊரில் திங்கட்கிழமை காலையில் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "எத்தனையாவது இடம்?" என்றுதான் கேட்கிறார்கள். அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் என்பது, தாம்பரத்து நண்பர்களே, நாம் ஆடிய ஆட்டமல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. கல்லூரிகளோ ஏராளம், எல்லோரும் எல்லோரோடும் மோத முடியாது. அதனால் பத்திரிகைக்காரர்கள் வாராவாரம் ஓட்டுப் போட்டு, யார் முதல், யார் இரண்டாவது என்று பட்டியல் போடுகிறார்கள். ஓட்டு என்று வந்துவிட்டால் கேட்க வேண்டுமா, ஆபீஸ் முழுக்க வாய்ச்சண்டைதான்.

எனக்கு அடுத்த மேசை டேல். நல்ல மனிதர். நான் வந்த புதிதில் பனியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஆனால் உள்ளூர்க் கல்லூரி டீம் என்று வந்துவிட்டால் மனுஷனுக்கு நாக்கில் நரம்பே கிடையாது. செப்டம்பரில் அவர் டீம் எல்லாவற்றிலும் ஜெயித்தபோது, "தோற்காதவன்தான் பெரியவன், வேறு கணக்கே கிடையாது" என்றார். அக்டோபரில் ஒன்றில் தோற்றார்கள். பக்கத்து மாநிலத்து டீம் தோற்காமல் மேலே போயிற்று. உடனே டேல், "அவர்கள் யாரை ஜெயித்தார்கள்? எல்லாம் சோப்ளாங்கி டீம்" என்றார். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள், வெட்கமில்லாமல் இப்படிப் பேசுவதைக் கேட்கக் கேட்க எனக்குத் தூ என்று துப்பலாம் போலிருந்தது. அவர் சொன்ன இரண்டையும் ஒரு தாளில் எழுதி அவர்முன் நீட்டினேன். நான் ஏதோ வாழ்த்து எழுதிக் கொடுத்ததாக நினைத்து முதலில் நன்றி சொன்னார். படித்துவிட்டுச் சிரித்தார். "உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார்.

அந்த வாக்கியம்தான் என்னை அறைந்தது. ஒரு காலத்தில் நான் சொன்ன வாக்கியம் அது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்து டீம்களுக்குள் ஞாயிறுதோறும் ஃபுட்பால் நடக்கும். மேற்குத் தாம்பரத்தில் கல்லூரிப் பையன்கள் நாங்கள். பொழிச்சலூரில் ஒரு டீம், படப்பைக் கடைக்காரர்கள் ஒரு டீம், திருமுடிவாக்கத்தில் பட்டறை வேலை பார்ப்பவர்கள் ஒரு டீம். வருடக் கடைசியில் ஒரு டீமைத் தேர்ந்தெடுத்து நகரத்தில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்ப வேண்டும். தேர்வுக் கமிட்டி மூன்று பேர். மூன்று பேரும் எங்கள் டீம். நான் செயலாளர்.

அந்த வருடம் திருமுடிவாக்கம் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. எங்களையும் இரண்டுக்குப் பூஜ்யம் என்று அடித்தார்கள். இரண்டு கோலும் அவர்களுடைய கேப்டன் ஆண்டனி போட்டது. வெல்டர். நகரத்துப் போட்டியைப் பார்க்க ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆள் எடுக்கும் ஆபீசர்கள் வருவார்கள். வயது வரம்பில் ஆண்டனிக்கு அதுதான் கடைசி வருடம். "ஒரு மேட்ச் அவங்க பாத்தாப் போதும் சார், வேலை கெடச்சிரும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறான்.

நாங்கள் என்ன செய்தோம்? டீக்கடையில் உட்கார்ந்து, "அவன்க யாரை ஜெயிச்சான்க? படப்பைக்காரனையா?" என்றோம். எங்களை ஜெயித்ததற்கு மழையையும் எங்கள் கோல்கீப்பரின் மஞ்சள்காமாலையையும் காரணம் காட்டினோம். எங்கள் பெயரையே எழுதி அனுப்பினோம்.

ஆண்டனி சைக்கிளில் வந்தான். கையில் வெல்டிங் பொறி பட்ட தழும்புகள். சத்தம் போடவில்லை.

"இன்னா சார், போன வருசம் நீங்க தோக்கல. தோக்காத டீம்தான் போவணும்னு நீதான சொன்ன? இந்த வருசம் நாங்க தோக்கல. இப்ப யாரை ஜெயிச்சன்னு கேட்டுகினு கீற."

"உனக்கு இதெல்லாம் புரியாது ஆண்டனி."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நாங்கள் நகரத்துக்குப் போய் முதல் மேட்சிலேயே நான்கு கோல் வாங்கித் திரும்பினோம். தூ என்று துப்பினால் என் முகத்தில்தான் விழும். ஆண்டனி இன்றும் அதே பட்டறையில்தான் இருக்கிறான் என்று தம்பி எழுதுகிறான்.

போன சனிக்கிழமை டேல் தன் டீமின் தொப்பியை என் தலையில் வைத்து ஸ்டேடியத்துக்கு இழுத்துப் போனார். தோற்றோம். திங்கட்கிழமையும் அதே தொப்பியோடு ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த பிரிவுக்காரர் ஒருவர் நக்கலடிக்க வந்தார். அவரிடம், "மழை பெய்யாமல் இருந்தால் ஜெயித்திருப்போம்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். டேல் பூரித்துப்போய் என் முதுகில் தட்டினார்.

"இப்போதுதான் நீ நம்ம ஆள். உன் ஊரில் உனக்கு எந்த டீம்?"

மேற்குத் தாம்பரம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "திருமுடிவாக்கம்" என்றேன். "ஒரு மேட்சில்கூடத் தோற்காத டீம்."

"அதெல்லாம் சரி, யாரை ஜெயித்தார்கள்?"

"எங்களை."

டேல் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். என் தலையில் இருந்த தொப்பியைப் பார்த்தார்.

"அப்படியானால் நீ எந்தப் பக்கம்?"