எத்தனை மணிக்கு இறக்குனீங்க?

போன வருஷம் சித்திரை மாசம், வேலூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி எதிர்ல நடந்தது இது. ஆம்பூர்ல ஷூ கம்பெனியில சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆகி, வேலூர்ல குடியிருக்கிறவன் நான். மனைவி போய் ரெண்டு வருஷம், குழந்தைங்க கிடையாது. ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்கு வரவே இல்ல. எப்படிப் போட்டாலும் மிஞ்சும், தனியா உக்காந்தா இறங்காது. அதனால வியாழக்கிழமைதோறும் ஒரு பெரிய குண்டான்ல தக்காளி சாதம் செஞ்சு, ஆட்டோவுல வச்சு எடுத்துட்டுப் போய், நோயாளிங்களோட வந்து காத்திருக்கிறவங்களுக்குக் குடுப்பேன். வாரத்துல நாலு பேர் என்கிட்ட பேசுற நாள் அதுதான்.

அன்னைக்கும் வரிசை நின்னுச்சு. முதல்ல ஒடுகத்தூர் பக்கத்துலேர்ந்து வந்த ஒரு அம்மா. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆகி உள்ளே படுத்திருந்தாரு. வாங்குற சோத்துல பாதியை அவருக்குக் கொண்டு போவாங்க.

கரண்டியை எடுத்தேன். உணவுப் பாதுகாப்பு அலுவலர்னு சொல்லி ஒரு பொண்ணு பக்கத்துல வந்து நின்னாங்க.

"சார், எத்தனை மணிக்கு இறக்குனீங்க?"

"காலைல அஞ்சு மணிக்கு."

"இப்ப மணி ஒன்னு ஆவுதே சார்!"

ஒரு கம்பி மாதிரி தெர்மாமீட்டரைச் சாதத்துக்குள்ள விட்டுப் பாத்தாங்க. "வெதுவெதுன்னுதான் இருக்கு. இந்தச் சூட்டுலதான் கிருமி வளரும். இதைக் குடுக்காதீங்க."

"வாசனை நல்லாத்தானே இருக்கு?"

"கெட்டது எப்பவும் வாசனையில தெரியாது சார்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிடுச்சு. "பசியில நிக்கிறவங்க கண்ணுக்குத் தெரியலையாம்மா?"ன்னு கத்தினேன். அவங்க பதிலுக்குச் சத்தம் போடல. இப்படிச் சாப்பாடு குடுக்கறதுக்குப் பதிவு பண்ணணும்னு சொல்லி என் விலாசத்தையும் போன் நம்பரையும் எழுதிக்கிட்டாங்க. ஒடுகத்தூர் அம்மா, "பரவால்ல, குடுங்கண்ணா"ன்னு தட்டை நீட்டுனாங்க. குடுக்க முடியாம குண்டானைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுல வீம்புக்கு ரெண்டு தட்டு போட்டுச் சாப்பிட்டேன். ருசியாதான் இருந்துச்சு. சாயங்காலம் விளக்கு போடுறதுக்குள்ள வாந்தி ஆரம்பிச்சுது, அப்புறம் பேதி. விடியறப்போ பாத்ரூம் வாசல்லயே சுருண்டு கிடந்தேன். தண்ணி எடுத்துக் குடுக்கக்கூட ஆள் இல்ல. எனக்கே இந்தக் கதின்னா, ஆபரேஷன் ஆன அந்த மனுஷன் என்ன ஆயிருப்பாருன்னு நெனச்சேன்.

காலைல போன் அடிச்சுது. அந்த அலுவலர்தான்.

"பதிவு விஷயமா கூப்பிட்டேன். இன்னா சார், குரல் ஒரு மாதிரி இருக்கு? அதைச் சாப்ட்டீங்களா?"

ஆமான்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. சொன்னேன். "கதவைத் திறந்து வைங்க, வர்றேன்"னாங்க. அரை மணி நேரத்துல உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டோட வந்து நின்னாங்க. கலக்கிக் குடுத்து, கைத்தாங்கலா ஆட்டோவுல ஏத்தி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. நேத்து கத்தினதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.

இப்ப பதிவு வாங்கிட்டேன். பத்து மணிக்குத்தான் அடுப்பு பத்த வைக்கிறேன். சுடச்சுட கொண்டு போய், ஆறுறதுக்குள்ள குடுத்து முடிச்சிடுறேன். மனைவி போனப்புறம் எப்போ சமைச்சே, எப்படி வச்சிருந்தேன்னு என்னை யாருமே கேட்டதில்ல. அப்படிக் கேக்க ஒருத்தர் வந்ததைப் போய் அவமானம்னு நெனச்சுட்டேனேன்னு இன்னைக்கும் மனசு உறுத்துது.