பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்?

எங்கள் ஹோட்டலின் சலவைக்கூடம் தரைக்கு அடியில் இருக்கிறது. சன்னல் கிடையாது. இரட்டைக் கட்டில் விரிப்பை மடிக்க அங்கே எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து கையில் கை கொடுத்தால்தான் மடிப்பு நேராக விழும். மடிப்பு அக்கா என்று நாங்கள் கூப்பிடுகிறவளுக்கு மட்டும் துணை வேண்டாம். விரிப்பின் நடுப்பகுதியை மோவாயில் இடுக்கிக்கொண்டு, கைகளை அகல விரித்து ஒரு சுழற்று சுழற்றுவாள். நாம் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் விரிப்பு தலையணை அளவுக்கு வந்திருக்கும். மேற்பார்வையாளருக்கு வாயெல்லாம் பல். ஒரு ஆள் சம்பளம் மிச்சமில்லையா!

ஆனால் அந்தக் கைத்திறனே அவளை மூலையில் தள்ளிவிட்டது. மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டே மடிப்பார்கள். யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம், யார் மாமியார் யாரை என்ன சொன்னாள், எல்லாம் அந்த விரிப்புக்கு மேலேதான் ஓடும். அக்காவின் மேசைக்கு யாரும் போக வேண்டிய வேலையே இல்லை. மோவாயில் துணியை இடுக்கிக்கொண்டு அவளும் பேச முடியாது.

நான் ஹோட்டல் வண்டி ஓட்டுகிறவன். ஒரு மழை நாளில் அவளை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அடுக்கு வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் இரண்டு அறை. உள்ளே ஆண் குரல் கேட்டது. கணவர் இறந்து பல வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை என்று எனக்குத் தெரியும். "விருந்தாளி வந்திருக்காங்களாக்கா?" என்றேன். சிரித்தாள். "டிவிதான் தம்பி. காலைல போட்டுட்டுப் போயிடுவேன். கதவைத் திறக்கறப்ப யாராவது பேசிட்டிருந்தா நல்லா இருக்கும்ல?" வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கிழிந்த விரிப்புகளையும் நைந்த துண்டுகளையும் ஹோட்டலில் தூக்கிப் போடுவதில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் நாய்க் காப்பகத்துக்குக் கொடுத்துவிடுவோம். கொண்டுபோவது என் வேலை. எனக்கு நாய் என்றாலே ஆகாது. ஒன்று நக்கும், இல்லாவிட்டால் கடிக்கும்; நடுவில் வேறொன்றும் அதற்குத் தெரியாது. ஒரு தடவை மூட்டை இறக்கும் ஆள் வராததால் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் அதைப் பார்த்தாள்.

உடம்பெல்லாம் மொட்டையடித்து, புதிதாகச் சுருட்டை முடி அரும்பிக்கொண்டிருந்த ஒரு நாய். ஆடா நாயா என்று எனக்குச் சந்தேகம். பாதி பூடில், பாதி லாப்ரடார் என்று காப்பகத்து அம்மா சொன்னார். இந்தக் கலப்பு நாய்க்கு முடி கொட்டாது என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு குடும்பம் ஆசையாக வாங்கியிருக்கிறது. முடி கொட்டாவிட்டால் வேலையும் இல்லை என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். உதிர்கிற முடி தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், தினமும் தோல்வரை சீவாவிட்டால் முடிச்சு விழும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் கம்பளி மாதிரி இறுகி, தோலோடு சேர்த்து இழுக்கத் தொடங்கியதும் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

"அழகைப் பாத்து வாங்கிடறாங்க. நம்ம வீட்டுக்குச் சரிப்படுமான்னு யாரும் பாக்கறதில்ல" என்றார் அந்த அம்மா. அக்கா காதிலேயே வாங்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் அது அவள் விரலைத் தன் மூக்கால் அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தது. கிளம்பலாம் என்று நான் நாலைந்து தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் அக்காவின் வாயில் வேறு பேச்சே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்துவிடுவாள். பூடில் கலப்பு ரொம்பப் புத்திசாலியாம், சும்மா இருந்தால் பொழுது போகாமல் செருப்பைக் குதறுமாம். கலப்பு என்பதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வருமாம், சிலதுக்கு முடி கொட்டவும் செய்யுமாம். "கொட்டட்டுமே, பெருக்கிட்டாப் போச்சு" என்பாள். காலையும் மாலையும் நடக்கவேண்டுமாம், அவளுக்கும் நடப்பது நல்லதுதானாம். பல் நெருக்கமான இரும்புச் சீப்பு ஒன்று வாங்கிவிட்டாள். நாய் இன்னும் கிடைக்கவில்லையே! ஹோட்டலில் கழித்துக்கட்டிய குளியலறை மிதியடி ஒன்று, புசுபுசுவென்று இருப்பது, அதை மடியில் போட்டுக்கொண்டு தினமும் சீவிப் பழகியிருக்கிறாள். சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"அப்புறம் என்ன, போய்க் கேக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"வீட்டுக்கு வந்து பாத்துட்டுத்தான் குடுப்பாங்களாம். பகல்ல வீட்ல யாராவது இருக்கணும்னு சொல்றாங்க. குடும்பமா இருக்கிறவங்களாப் பாத்துக் குடுப்பாங்க போல."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாதா நான்? "குடும்பம்தானே? ஒரு மணி நேரத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்றேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். மறுநாள் வந்து, "மாடி வீட்டம்மாவும் வர்றேங்கறாங்க" என்றாள்.

விடுமுறை நாள் ஒன்றில் குடும்பம் கூடியது. நான் அக்காவின் தம்பி; காப்பகத்து அம்மாவுக்கு என்னை வண்டிக்காரனாகத்தான் தெரியும், தம்பியும் அதே ஹோட்டலில் இருக்கக்கூடாதா என்ன? மாடி வீட்டம்மா அக்காவின் நாத்தனார். அவருடைய மகள், பள்ளிக்கூடம் போகிற வாயாடி, அக்காவுக்கு மருமகள். என்னை மாமா என்று கூப்பிடவேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தோம். "இந்த மாமா என்ன வாங்கிட்டு வந்தாரு?" என்று முதல் கேள்வியே கேட்டது. உறவு அவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது! அக்கா எங்களுக்குத் தேநீர் கொடுத்தாள். அந்த வீட்டில் மூன்று பேர் உட்கார நாற்காலி இல்லை. நான் துணிப்பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன்.

காப்பகத்து அம்மா நாயோடு வந்தார். இதற்குள் அதற்கு முடி நன்றாக வளர்ந்து, வெல்ல நிறத்தில் பந்து மாதிரி இருந்தது. அறை அறையாக மோந்து பார்த்துவிட்டு நேராகச் சின்னப் பெண்ணிடம் போனது. அந்தப் பெண் "சுருட்டை" என்று அந்த நிமிடமே பெயர் வைத்துவிட்டது.

"பகல்ல வீட்ல யாரு இருப்பீங்க?"

"நான்தாங்க" என்றார் மாடி வீட்டம்மா. "நான் எங்கயும் போறதில்ல. இவ பள்ளிக்கூடம் விட்டு வந்தா ரெண்டு பேரும் இருப்போம்." அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதனால்தான் அவ்வளவு சரளமாக வந்தது. என்னைக் கேட்டபோது நான், நாய் என்றால் எனக்கு உயிர் என்று அள்ளிவிட்டேன். அந்தச் சனியன் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

சீவத் தெரியுமா என்று கேட்டார். அக்கா சீப்பை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். காதுக்குப் பின்னால், அக்குளில், தொடையிடுக்கில், எங்கெல்லாம் முடிச்சு விழுமோ அங்கெல்லாம் ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, மறுகையால் மெல்ல மெல்லப் பிரித்தாள். நாய் மொத்த எடையையும் அவள் மேல் சாய்த்துக்கொண்டது. "எங்ககிட்ட இப்படி நிக்காது" என்றார் அந்த அம்மா. நான் மாடி வீட்டம்மாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கிளம்புவதற்கு முன் அந்த அம்மா நாயின் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினார். இரண்டு நகங்கள் கட்டையாக இருந்தன. "முன்னாடி இருந்த வீட்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. கதவைப் பூட்டிட்டுப் போயிடுவாங்க. நகம் பிஞ்சு ரத்தம் வர்றவரைக்கும் கதவைப் பிராண்டியிருக்கு. தனியா மட்டும் விட்டுடாதீங்க. மத்தது எல்லாம் பழகிக்கும்."

அக்கா அந்தக் காலை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வாசல் கதவைப் பார்த்தாள்.

"இவங்க யாரும் என் வீட்டு ஆளுங்க இல்லைங்க" என்றாள்.

என் முகத்தில் ஈயாடவில்லை. மாடி வீட்டம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"இவரு எங்கூட வேலை பாக்கறவரு மட்டும்தான். இவங்க மாடில இருக்காங்க. எனக்காகத்தான் வந்தாங்க, அவங்களைத் தப்பா நினைக்காதீங்க. நான் விடியறதுக்குள்ள போனா இருட்டினப்புறம்தான் வருவேன். எனக்கு இது சரிப்படும். இதுக்கு நான் சரிப்பட மாட்டேன்."

சொல்லிவிட்டுச் சீவாமல் விட்ட வாலைச் சீவத் தொடங்கினாள். அந்த அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "தெரிஞ்சுகிட்டா பரவாயில்லம்மா, பாதிப் பேருக்கு இது தெரியறதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சங்கிலியை மாட்டினார். சின்னப் பெண் ஓவென்று அழ ஆரம்பித்தது. அழுகையோடு தன் அம்மாவின் புடவையைப் பிடித்து உலுக்கியது. மாடி வீட்டம்மா அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "நான் நிஜமாவே பகல்ல வீட்லதாங்க இருக்கேன்" என்றார்.

காப்பகத்து அம்மா இன்னொரு நாள் வந்து மாடி வீட்டைப் பார்த்து, அந்த வீட்டம்மாவின் கணவரிடமும் பேசி, நாயைக் கொடுத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கண்டுபிடிச்சது நீங்க, சீப்பு வாங்கினது நீங்க, கடைசில கொண்டுபோறது அவங்களா? கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்திருந்தா இப்ப உங்க வீட்ல இருந்திருக்கும்" என்று சலவைக்கூடத்தில் வைத்தே கத்தினேன். அக்கா விரிப்பை மோவாயிலிருந்து எடுத்தாள். "அதுதான் தம்பி. இருந்திருக்கும், கதவைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கும்" என்றாள்.

மேலே அது நடப்பது கீழே கேட்குமாம். சாப்பிடும்போது, படுக்கும்போது, டக் டக்கென்று. எந்த நேரத்துக்கு எந்த அறையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரிந்துவிட்டது. சீவ மட்டும் அவர்களுக்குக் கை வரவில்லை. சீப்பைக் கண்டால் உறுமுகிறது என்று அக்கா வேலையிலிருந்து வந்ததும் மாடி வீட்டம்மா கீழே கொண்டுவந்து விடுகிறார். "நீங்க தொட்டாத்தான் நிக்குது" என்கிறார். இதை என்னிடம் சொல்லும்போது அக்காவின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து அவளை விடப் போனபோது உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். நாய் வந்தது. என்னை மோந்துவிட்டு அவள் மடியில் தலையை வைத்தது. காதுகளை முடித்து, கழுத்துக்கு வந்திருப்பாள். மாடிப்படியில் சின்னப் பெண்ணின் குரல். பாதிச் சீவலில் உருவிக்கொண்டு ஒரே பாய்ச்சல். சீப்பு அவள் கையிலிருந்து தெறித்து விழுந்தது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதை உதைக்கலாம் போல இருந்தது.

"பாத்தியா ஓட்டத்தை!" என்றாள் அக்கா. "நல்ல இடமாத்தான் பாத்துக் குடுத்திருக்கேன். என்னைத் தேடவே தேடாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். புடவையில் ஒட்டியிருந்த சுருட்டை முடியை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் சேர்த்தாள். சேர்த்ததை எங்கே போடுவது என்று தெரியாதவள் போல வைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். வீட்டில் எனக்காகச் சாப்பிடாமல் காத்திருப்பார்கள்.

"தம்பி" என்றாள், என்னைப் பார்க்காமல். "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன்."