நாகலெட்சுமியின் விரதம்

ஐம்பத்தெட்டாம் வருஷத்தில், இலங்கை மலைநாட்டில் வட்டகொடைக்கு மேலே இருந்த கல்லுமலைத் தோட்டத்தில் நாகலெட்சுமியை எல்லோரும் பெரிய பக்தை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷமாக அவள் மிளகாய் தொடவில்லை, ரொட்டி தொடவில்லை. தேயிலைக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள், ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவில்லை. முருகனுக்கு விரதம் என்று சொல்லி வைத்திருந்தாள். கூடக் கொழுந்து பறிக்கிற பெண்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவளிடம் தூக்கிவந்து திருநீறு போடச் சொன்னார்கள். அவளும் போட்டாள். வேறென்ன செய்வாள் பாவம்? சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே.

உண்மை அவள் குடலுக்குள் இருந்தது. புருஷன் அழகுமுத்து நிமோனியாவில் போய் மூன்றாம் வருஷம், அவளுக்கு ரத்தமும் சளியுமாகப் போகத் தொடங்கியது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை. மலையில் கக்கூஸ் ஏது? கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் போகும் கானுக்குள் ஓடி ஒதுங்குவாள். கங்காணி சின்னராசா மேலேயிருந்து கத்துவார். கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயாவிடம் போயிருக்கலாமே என்று கேட்கலாம். ரத்தம் போகிறவர்கள் இருந்தால் வரிசை வீடுகளான லயம் முழுக்கத் தொற்றிவிடும் என்று, அவர் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அங்கிருந்து குணமானதாகத் துண்டுச்சீட்டு வராமல் வேலைக்கு மலை ஏற முடியாது. வேலைக்குப் பேர் கொடுக்க ஆளில்லாத காம்பராவை, அந்த ஒற்றை அறை வீட்டை, தோட்டம் சும்மா விட்டு வைக்காது. உடனே வேறு குடும்பத்தைக் குடிவைத்துவிடும். பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா அப்படித்தான் பிள்ளைகளோடு தெருவுக்கு வந்தாள்.

நாகலெட்சுமி வீட்டில் பேர் கொடுக்க இன்னொரு ஆள் உண்டென்றால் அது மகள் பூரணி. பதினான்கு வயது, தலவாக்கலையில் பள்ளிக்கூடம் போகிறாள். அந்த லயத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய பெண் அவள் ஒருத்திதான். அவள் முதுகில் கூடை ஏறக்கூடாது. நாகலெட்சுமிக்கு உலகத்தில் இருந்த ஒரே பிடிவாதம் அது. தன் உயிரையும் அவள் அதற்கு அடுத்தபடியாகத்தான் வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் கொத்மலைப் பக்கம் இறங்கி, சிங்களக் கிராமத்து நாட்டு வைத்தியரான வெதமாத்தயாவிடம் போனாள். அவர் நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார், தெரிந்த தமிழில் சொன்னார்.

"இது குணமாகிப் போற வருத்தம் இல்ல அம்மா, பத்தியத்துல கட்டி வைக்கிற வருத்தம். காரம் வேணாம், புளி வேணாம், ரொட்டி வேணாம், தேத்தண்ணி வேணவே வேணாம். பேதி மருந்து மட்டும் தொடாதே. தொட்டா ரத்தம் நிக்காது."

காய்ந்த வில்வப் பிஞ்சு, மாதுளை ஓடு, குடசப்பாலைப் பட்டை. எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்றவைத்துக் காலையும் மாலையும் குடிக்க வேண்டும். கசப்பு தொண்டையில் பாதி நாள் நிற்கும். ரேஷன் பங்கில் வந்த மாவை அடுத்த வீட்டில் கொடுத்து அரிசியாக மாற்றினாள். காலையில் கஞ்சி, மத்தியானம் மோர்ச்சோறு, மாலையில் மறுபடி கஞ்சி. மலையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கறி மாற்றிச் சாப்பிடும்போது இவள் மட்டும் தனியாக ஒதுங்கினாள். கேட்டவர்களுக்குச் சொல்லத்தான் விரதம் வந்தது. நாலு மாதத்தில் ரத்தம் நின்றது. ஒரு தீபாவளிக்கு ஆசைப்பட்டு இரண்டு வடை தின்று, ஒரு வாரம் அதற்கு அழுதாள். பிறகு நாக்கைக் கட்டிப்போட்டாள்.

அப்புறம் பூச்சி மருந்து வந்தது. கொக்கிப்புழுவை ஒழிக்கிறோம் என்று, ஒரு நாள் காலை, வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். முதலில் மருந்து, பின்னாலேயே ஒரு கோப்பை பேதி உப்புத் தண்ணீர். குடித்தவர் வாயைத் திறந்து காட்ட வேண்டும். குடிக்காதவருக்குப் பேர் இல்லை.

டிஸ்பென்சர் ஐயா முதலிலேயே சத்தமாகச் சொன்னார். "புள்ளத்தாச்சிங்க, காய்ச்சக்காரங்க, ரத்தக் கடுப்பு உள்ளவங்க இந்தப் பக்கம் வந்துருங்க."

இரண்டு கர்ப்பிணிகள் விலகிப் போனார்கள். நாகலெட்சுமியின் கால் எழவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தால் உயிர் பிழைக்கும். ஆனால் அந்த அடி ஆஸ்பத்திரியில் போய்த்தான் நிற்கும். பூரணி மலைக்குப் போவாள். தன் முறை வந்தபோது நாகலெட்சுமி தெரிந்த ஒரே வழியைப் பிடித்தாள்.

"ஐயா, நான் விரதமுங்க."

"விரதத்துல மருந்து குடிக்கக்கூடாதுன்னு எந்தச் சாமி சொல்லுச்சு?" என்று அவர் சிரித்தார்.

பின்னால் நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "குடிங்கக்கா, முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு." அவள் மேல் வைத்த மரியாதையில்தான் சொன்னார்கள். இரண்டு வருஷம் அவளைக் காத்த பொய்யே அன்றைக்கு அவளைப் பிடித்துக் கொடுத்தது. அவள் கோப்பையை வாங்கிக் குடித்து, வாயைத் திறந்து காட்டினாள்.

மத்தியானத்துக்கெல்லாம் ரத்தம் வந்துவிட்டது. கஷாயத்தை மூன்று வேளையாக்கினாள், கஞ்சியைத் தண்ணீராக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நாள் சேலைக்குள் துணியை மடித்துக் கட்டிக்கொண்டு மலை ஏறினாள். ஆறாம் நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சுருண்டு விழுந்தாள். கால்வரை ரத்தம் வழிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். தோட்டத்து லொறியில் ஏற்றும்போது டிஸ்பென்சர் ஐயா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!" அவர் நல்ல மனிதர்தான். சொன்னால் என்ன நடக்கும் என்பதை மட்டும் அவர் யோசித்ததே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பூரணி கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தாள். அன்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார், நாகலெட்சுமி இனிமேல் மலை ஏறவே முடியாது என்று. பூரணி கட்டிலில் உட்கார்ந்து கரண்டியால் கஞ்சி ஊட்டினாள். அப்போதுதான் நாகலெட்சுமி மகளின் விரல்களைப் பார்த்தாள். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறியிருந்தது. தோல் வெடித்திருந்தது.

"எத்தன நாளா?"

"பத்து நாளாச்சும்மா. பேரு குடுக்காட்டி காம்பராவ விடச் சொல்லிட்டாங்க. சின்னராசா மாமாதான் பேரு போட்டுக் குடுத்தாரு."

"பள்ளிக்கூடம்?"

"நீ எந்திரிச்சு வந்தொடனே போறேன்."

டாக்டர் சொன்னதை நாகலெட்சுமியால் சொல்ல முடியவில்லை. மகளின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, சேலை முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அந்த விரல்களைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அழுத்தாதம்மா, வலிக்குது" என்றாள் பூரணி.