என் அளவுக்கு ஓர் ஆள்

எண்பதுகளில் மலேசியாவில் சிலிண்டர் மாட்டி முக்குளிக்கக் கற்றுக்கொண்டபோது, வகுப்பில் என்னை எப்போதும் கூடப் படித்த ஒரு சீனப் பள்ளி டீச்சரோடுதான் சேர்த்துவிடுவார்கள். அவரும் என்னைப் போல ஒல்லி, குட்டை. கடலில் மயங்கியவரைக் கரைசேர்க்கும் பயிற்சியில் அவர் மயங்குவார், நான் இழுப்பேன்; பிறகு நான் மயங்குவேன். அலோர் ஸ்டார் நீச்சல் குளத்தில் இந்த நாடகத்தை ஆடி ஆடி எனக்கு அலுத்துப்போனது.

கடைசித் தேர்வு பாயார் தீவில். அன்றும் மலாய்க்காரப் பயிற்சியாளர் டீச்சரையே கைகாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கடலில் மயங்குகிறவன் என் அளவு பார்த்தா மயங்குவான்? அந்த அண்ணனைக் கொடுங்கள்” என்று மலாயில் கேட்டேன்.

அந்த அண்ணனும் எங்கள் வகுப்புதான், ஜித்ராவில் லாரி ஓட்டுகிறவர். படகில் இருவர் உட்காரும் பெஞ்சில் ஒருவராக உட்காருவார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் அம்மாவும் என் அளவுதான். தோட்டத்தில் இரண்டு வாளி ரப்பர் பாலைக் தோளில் குறுக்காக வைத்த காண்டாக் கம்பில் சுமந்து மேடேறியபோது, உயரம் பார்த்து யாரும் வாளியைச் சிறிதாக்கித் தரவில்லை.

அண்ணன் நீரில் மல்லாந்து மயங்கினார். நீரில் அமிழ்வதற்காக அவர் இடுப்பில் கட்டியிருந்த ஈயப் பட்டையைக் கழற்றிவிட்டுக் கரையை நோக்கி இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தார். பாதி வழியிலேயே பயிற்சியாளர் படகிலிருந்து பாஸ் என்று கத்திவிட்டார். சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கால்கள் நைசாக நீரை உதைத்துக்கொண்டிருந்தன.

“அண்ணே, மயங்குனவன் கால் அடிப்பானா?”

கண்ணைத் திறக்காமலே, “தங்கச்சி கஷ்டப்படுதேன்னுதான்லா” என்றார்.

வந்த கோபத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டு, முதலிலிருந்து செய்கிறேன் என்று படகைப் பார்த்துக் கத்தினேன். இந்த முறை முடியாவிட்டால் பெயில்தான் என்றார் பயிற்சியாளர். இனாமாக வரும் பாஸ் எனக்கு எதற்கு?

இரண்டாம் முறை அண்ணன் பிணமாய்க் கனத்தார். தொடை எரிந்தது, உப்புத் தண்ணீர் குடித்தேன். கரையில் அவரைத் தூக்க என்னால் முடியவே முடியாது. அதனால் தூக்கவில்லை. இருவர் சிலிண்டரையும் கழற்றிவிட்டு, அவர் பின்னால் உட்கார்ந்து, அக்குளில் கைகொடுத்து, குதிகாலை மணலில் ஊன்றிக் காத்திருந்தேன். அலை அவரைக் கிளப்பும்போதெல்லாம் ஓர் இழுப்பு. அவர் பாதமும் காய்ந்த மணலுக்கு வந்த பிறகுதான் கையை எடுத்தேன். பயிற்சியாளர் என் பெயருக்கு நேரே பாஸ் என்று எழுதினார்.

மதியம் எல்லோரும் சேர்ந்து முக்குளிக்க ஜோடி பிரித்தார்கள். மறுபடியும் டீச்சரும் நானும். அண்ணன் தன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஓரத்துக்கு ஒதுங்கினேன்.

“டீச்சர் வேற ஆளப் பாக்கட்டும்லா” என்றார். “கீழ எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நீதான் விடமாட்ட.”